பதினான்காவது கோப்பு

விர்ட்சு படகுத்துறையில் சீட்டு சரிபார்க்கிறாள் தைமி.
எஸ்தோனியாவின் மேற்கு ஓரம்.
தாண்டினால் முஹு, அதையும் தாண்டினால் சாரேமா.
அடுத்த படகு வர நேரமிருந்தால்
வரிசையில் நிற்கும் கார்க் கண்ணாடியை விரலால் தட்டுவாள்:
"மன்னிக்கவும், உங்கள் மடியில் இருக்கிறதே,
அது என்ன மாடல்?
என் நாவலை அதில் இரண்டே நிமிடம்
திறந்து பார்த்துக்கொள்ளட்டுமா?"

பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தவர்கள்
திகைத்துப்போய்க் கருவியை நீட்டிவிடுகிறார்கள்.
சீருடைக்கு அந்த மரியாதை உண்டு.

நாவலில் ஒருத்தி உறைந்த கடல்மேல் தீவுக்கு நடக்கிறாள்.
பாதி வழியில் பனி விரிசல் விடுகிறது.
அங்கே ஒரு முழுப் பக்கத்தை
வெறுமையாக விட்டிருந்தாள் தைமி.
நாலு வருடம் எழுதியதில்
அடித்துத் திருத்தாத ஒரே பக்கம்.

கைபேசி அதை விழுங்கிவிட்டது.
விரிசலுக்கு அடுத்த வரியிலேயே மறுகரை;
காலுறைகூட நனையாமல்
சூப் குடித்துக்கொண்டிருக்கிறாள் கதாநாயகி.
ஒரு பல் மருத்துவரின் டேப்லெட்டிலோ
வெற்றுப் பக்கம் மூன்றாகப் பெருகிவிட்டது.
"அதற்குள் முடிந்துவிட்டதா, பாவம்" என்று மூடிவைத்தார்.
மூன்றாவது காரில் அத்தியாயத் தலைப்பு
தன் அத்தியாயத்தை விட்டுவிட்டு
முந்தைய பக்கத்தின் அடியில் தனியாக நின்றது,
படகைத் தவறவிட்டவன் மாதிரி.

கால்யோவின் கருவி பழசு.
ஓரத்தில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.
அவர்கள் மொழியில் ஓர் எழுத்து,
வட்டத்தின் தலையில் அலை நெளியும்.
உதடு குவியாமல் சொல்லவேண்டிய ஒலி;
நம் குற்றியலுகரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
அது வரவேண்டிய இடமெல்லாம்
குட்டிக் குட்டிக் கட்டங்கள்,
ஆளில்லாத வீட்டு ஜன்னல்கள்.
தைமி தலையில் கைவைத்துக்கொண்டாள்.
கால்யோ சிரித்தார்:
"எங்கள் சாரேமாவில் அந்த ஒலி
எவன் வாயிலும் நுழையாது.
உன் புத்தகம் படகேறும் முன்பே
ஊர்க்காரி ஆகிவிட்டது, போ."

ஜூன் மாதம். இரவு பதினொன்றரைக்கும்
வானம் விளக்கை அணைக்கவில்லை.
சமையலறை மேசையில் ஒன்பதாவது கோப்பு,
பத்தாவது, பதினொன்று.
எழுத்துருவை உள்ளேயே பொதிந்துவைத்தாள்.
கட்டங்கள் போயின; கோப்பு ஊதிப்போய்
மின்னஞ்சலில் ஏற மறுத்தது.
வெற்றுப் பக்கத்தை ஆணி அடித்து நிறுத்தினாள்.
ஒரு கருவியில் நின்றது.
இன்னொன்றில் ஆணி மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டாவது கோப்பை முன்கூட்டி வாங்கியவர்களில்
ஹில்யா என்று ஒருவர், தாப்பாவிலிருந்து.
ரயில் சந்திப்பில் முப்பது வருடம் சிக்னல் பார்த்த கண்;
இப்போது நடுப்பார்வை போய்விட்டது.
எழுதியிருந்தார்:

"எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ
அவ்வளவு பெரிதாக்கி வாசிக்கிறேன்.
திரைக்கு ஆறு சொல்.
என் கணக்கில் உங்கள் நாவல் பத்தாயிரத்துச் சொச்சம் பக்கம்.
4,118இல் இருக்கிறேன்.
நேற்று பனி விரிசல் விட்ட இடத்தில்
ஒரு திரை முழுக்க

ஆனால்

என்று மட்டும் இருந்தது.
என்னால் தாண்ட முடியவில்லை.
எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுவிட்டு
அப்படியே படுத்துவிட்டேன்.
அந்தச் சொல்லை அங்கே நிறுத்த
எப்படித் தோன்றியது உங்களுக்கு?
அவள் கரை சேர்ந்தாளா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

தைமிக்குத் தோன்றவே இல்லை.
அந்த 'ஆனால்' எதேச்சையாக விழுந்த ஒன்று;
மறு பிரதியில் வெட்டலாம் என்று
பக்கத்தில் குறிகூடப் போட்டிருந்தாள்.
நன்றி என்று பதில் தட்டினாள்,
அழித்தாள், மறுபடி தட்டினாள், அனுப்பினாள்.
குறியை நீக்கினாள்.
ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.
வெற்றுப் பக்கத்தை மட்டும் விட்டுவைத்தாள்,
நிற்கிற இடத்தில் நிற்கட்டும் என்று.

காலைப் படகு. வாலைச் சொடுக்கும் காற்று.
நீல வேன் ஒன்றில் ஒரு பையன்
கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருக்கிறான்.
கட்டைவிரல் விறுவிறுவென்று தள்ளுகிறது,
தள்ளுகிறது,
நிற்கிறது.

தைமி கண்ணாடியைத் தட்டினாள்.
"சீட்டு" என்றாள்.